பகலில் பேசி முடித்த சம்பந்தம்

ஆகஸ்ட் 14, 1996. புதன்.

காற்று. மேற்கே மலையில் சாரலாம். டவுணில் வெறும் புழுதி. சேலையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்று தெரியாத நடை.

பத்தாம் வகுப்புக்குப் பட்டாணிச் செடி. நெட்டை, குட்டை, வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் குணம். வருஷா வருஷம் அதே பட்டாணி. கடைசி பெஞ்சு முத்துலட்சுமி எழுந்தாள். "டீச்சர், ரெண்டு குட்டைச் செடியச் சேத்தா நெட்டை வரவே வராதா?" வராது என்றேன். "ஒண்ணு கூடயா?" ஒன்றுகூட வராது. அவள் முகம் வாடிப்போனது. பட்டாணிக்காக வருத்தப்பட்ட முதல் ஜீவன். பள்ளிக்கூடத்தில் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான், ஆசிரியைகளையும் சேர்த்து.

மாலையில் கூட்டம். நாளைக்குக் கொடியேற்றம். மிட்டாய் ஆரஞ்சா எலுமிச்சையா என்று தலைமையாசிரியை எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டார். சுதந்திரம் வாங்கும்போதுகூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். வெளியே வந்தால் இருட்டு. சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு சைக்கிளில் இடித்தேன், அது அடுத்ததைத் தள்ளியது, வரிசை முழுக்கச் சாய்ந்தது. வாட்ச்மேன் ஓடிவந்தார். வழக்கமான பதில்தான். கண்ணாடியை மறந்துவிட்டேன்.

எனக்குக் கண்ணாடியே கிடையாது. கல்லூரி நாளிலிருந்து இல்லாத கண்ணாடி ஒன்றை மறந்துகொண்டே இருக்கிறேன். எங்கே, காட்டு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மனிதர்கள் கவனிக்கிறார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில்தான்.

வீட்டில் அண்ணன் சிரித்த முகம். அது நல்லதற்கில்லை. அவன் மகள் சங்கரிக்கு வரன் வந்திருக்கிறது. சேரன்மகாதேவி. ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

"காலைலதான?" என்றேன்.

"பின்ன?" என்றான் அண்ணன். "நம்ம வீட்டுல எல்லாம் காலைலதான்."

ஆகஸ்ட் 16, வெள்ளி.

காற்று நிற்கவில்லை. கொடியில் காயப்போட்ட பாவாடை பக்கத்து வீட்டு முருங்கையில். மதினி போய் வாங்கிவந்தாள்.

வண்ணார்பேட்டைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கஸ்தூரி சென்னைக்காரி. தாமிரபரணிக் கரையோரம் குடும்பம் குடும்பமாகத் தேடி இரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறாள். எந்தக் குடும்பத்தில் எந்த மரபணு பழுது என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. என் இரத்தம் போன வருஷமே போய்விட்டது. இப்போது அண்ணன் குடும்பத்து இரத்தம் வேண்டுமாம், சங்கரியுடையது கட்டாயம் வேண்டுமாம்.

போன மாதம் வீட்டுக்கே வந்து கேட்டாள். அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அழகாகப் பொய் சொன்னான். "எங்க வீட்டுல எல்லாருக்கும் கண்ணு பளிச்சுனு இருக்கும்மா. தங்கச்சிதான் கண்ணாடி போட மாட்டேன்னு அடம்." என் பொய்யை எடுத்து என் எதிரிலேயே செலவழித்தான்.

எழுதி வைக்கிறேன், ஒருமுறையாவது ஒழுங்காக. விழித்திரை. கண்ணின் பின்சுவர். முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரம் ஓரமாகத் தின்றுகொண்டு வரும். கடைசியில் நடுவில் ஒரு குழாய் மட்டும் மிஞ்சும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. என் குழாயில் இன்னும் கரும்பலகை அடங்குகிறது. சங்கரிக்கு இருபத்திரண்டு. இருட்டில் பார்வை போய்விட்டது, ஓரம் இப்போதுதான் ஆரம்பம்.

டாக்டர் கட்டமும் வட்டமும் போட்டு எங்கள் வம்சத்தை வரைந்து வைத்திருக்கிறாள். சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு. அப்பா கட்டியது தன் அக்கா மகளை. அண்ணன் கட்டியது அம்மாவின் தம்பி மகளை. படம் முழுக்க இரட்டைக் கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி. சொத்து வெளியே போகக்கூடாது என்றார்கள். போகவில்லை. எதுவுமே வெளியே போகவில்லை.

மருந்து? இன்றும் கேட்டேன், கேட்பதற்கு வெட்கமாக இருந்தாலும். இப்போதைக்கு இல்லை என்றாள். வைட்டமின் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்று சிலர், இல்லை என்று சிலர், அதிலும் சண்டை. வெளிநாட்டில் எலிகளின் கண்ணுக்குள் புது செல் வைத்துப் பார்க்கிறார்களாம். எலிக்குப் பார்வை வந்தது என்று எப்படித் தெரியும், பஸ் போர்டை வாசிக்கச் சொன்னார்களா என்றேன். அவள் சிரிக்கவில்லை. பழுதான மரபணு எது என்று தெரிந்தால் ஒருநாள் நல்லதை உள்ளே அனுப்பலாம், பத்து வருஷத்தில் நடக்கலாம் என்றாள். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு டாக்டர் சொன்னதும் பத்து வருஷம்தான். அந்தப் பத்து வருஷம் மட்டும் நகராமல் அங்கேயே நிற்கிறது.

வாங்க வேண்டியது: சாக்குக் கட்டி (கலர்), ரவை, சங்கரிக்குக் கண்ணாடி வளையல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு.

வெயில் நல்ல வெயில். வீட்டுக்கு மிகவும் பிடித்த தட்பவெப்பம்.

ஒத்திகை விடிந்ததும் தொடங்கியது. மதினி பட்டாசாலைக் கூடத்தில் பாயை விரித்து, அடுக்களை வாசலிலிருந்து பாய் வரை சங்கரியை நடக்கவிட்டாள். நடுவில் ஒரு சாமானும் கிடையாது, ஸ்டூல்கூடப் பரணுக்குப் போனது. எல்லா ஜன்னலும் திறப்பு. டியூப் லைட்டும் எரிகிறது. அண்ணன் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. லைன்மேனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறானாம், இன்று நம் தெருவில் கரண்ட் போகாது என்று மீசையைத் தடவினான். லைன்மேன் அவனைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

வந்தார்கள். மாப்பிள்ளை குருநாதன், சேரன்மகாதேவியில் உரக்கடை. அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. மாப்பிள்ளையின் அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே படியேறினாள், பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். இருபத்தேழு வயது. அம்மா பிள்ளை என்று அங்கேயே முத்திரை குத்திவிட்டேன்.

அவன் அப்பா பெருமையாகச் சொன்னார். "அஞ்சு மணிக்குக் கடையச் சாத்திட்டா நேரே வீடுதான். இருட்டுனதுக்கு அப்புறம் வெளிய ஒரு இடம் போவ மாட்டான்."

அண்ணன் உருகிவிட்டான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஒழுக்கமா!"

உப்புமா உதிரி உதிரியாக இருந்தது. கேசரி பரவாயில்லை. சித்தப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தான் இனிப்பே தொடுவதில்லை என்றார்.

சங்கரி காபி கொடுத்தாள், பிசகாமல். மாப்பிள்ளை டம்ளரை எடுக்கக் கையை நீட்டியது தட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி. வெட்கம் என்றாள் மதினி. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பேர் கண்ணும் கொஞ்ச நேரம் சந்தித்தது. நல்ல கண்கள், அவனுக்கு. இது எழுதுவதற்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் நல்ல கண்கள்.

ஆகஸ்ட் 21, புதன்.

சேரன்மகாதேவியிலிருந்து ஆள் வந்தது. சம்மதம். ஐப்பசியில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, ஊர்வலம், கியாஸ் லைட் எதுவும் வேண்டாமாம், எளிமையாகப் போதுமாம். எல்லாம் வெயிலோடு முடிந்துவிட வேண்டுமாம். நிச்சயதாம்பூலமும் காலையிலேயே, பாபநாசம் கோயிலில்.

அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. சாயங்காலச் சடங்குகளை எப்படித் தட்டிக்கழிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தானாம். ஜோசியரைப் பிடித்து ஏதாவது தோஷம் சொல்ல வைக்கலாம் என்றுகூட. இப்போது அவர்களே சொல்லிவிட்டார்கள்.

"பாத்தியாட்டி கோமு, தங்கமான சம்பந்தம். நாம என்ன நினைக்கோமோ அதையே சொல்லுதாங்க."

கஞ்சர்கள் என்றேன் நான். கியாஸ் லைட்டுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவர்கள்.

மாலையில் தமிழாசிரியை பஸ்ஸில் பக்கத்தில். யாரோ கண்தானம் பற்றிப் பேசினார்களாம். "எறந்தவங்க கண்ண எடுத்து வச்சா எல்லாருக்கும் தெரியுமாமே டீச்சர்." அது முன்பக்கத்துக் கருவிழி, ஜன்னல் கண்ணாடி மாதிரி, பின்சுவர் இடிந்தவர்களுக்கு ஜன்னலை மாற்றி என்ன பிரயோசனம் என்று நான் விளக்க ஆரம்பித்தபோது அவர் தூங்கிவிட்டார்.

சின்ன வயதில் எங்களுக்கு ஈரல் கொடுக்கச் சொன்னார்கள். சைவ வீடு. பின்வாசல் வழியாக வேறு வீட்டு அடுக்களையிலிருந்து இலையில் மடித்து வரும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஊட்டுவாள், அவள் பார்க்காவிட்டால் சாமியும் பார்க்காது என்று. பார்வைக்கான மருந்து, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது. எங்கள் குடும்ப வைத்தியம் இன்றுவரை அந்த லட்சணம்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு.

பாபநாசம். வேன். முன் சீட்டில் அண்ணன், சாமி மாதிரி. மலையில் மேகம், அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். ஆற்றில் தண்ணீர் பரவாயில்லை.

கோயிலுக்குள் போகாமல் தப்பிக்க எனக்கு ஒரு பழைய வழி உண்டு. நீங்கள் போங்கள், நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று நடக்கவில்லை. அத்தைதான் பூத்தட்டு ஏந்த வேண்டும் என்றாள் மதினி.

அண்ணனின் புத்தி. சேரன்மகாதேவிக்காரர்களின் புத்தி. இரண்டு புத்தியும் சேர்ந்து காலை நேரம் பார்த்து, நல்ல வெயில் பார்த்து, தேர்ந்தெடுத்த இடம் ஒரு பழைய கல்கோயில். உள்ளே உச்சி வேளையிலும் அந்தி. பகல் என்றால் எங்கேயும் வெளிச்சம் என்று நினைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்காகச் சாயங்காலத்துக்கு மட்டும் பயந்து பழகியவர்களுக்குத்தான் இந்தத் தப்பு செய்ய வரும்.

உள் வாசலைத் தாண்டியதும் எனக்குக் கறுப்பு. தூரத்தில் ஒரு விளக்குப் பொட்டு மட்டும். கையில் தட்டு, அதில் தேங்காய் உருள்கிறது. நான் செய்வதைச் செய்தேன். காலைத் தூக்காமல் கல்லின் மேல் தேய்த்துக்கொண்டே போய், விரலால் நிலைப்படியைத் தேடுவது. சர், சர் என்று மெல்லிய சத்தம் வரும். யாருக்கும் கேட்காது, செய்கிறவர்களைத் தவிர.

என் இடது பக்கம் சங்கரியின் கால். அது எனக்குத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்தது. மதினி அவள் காதில், ஸ்லோகம் சொல்கிறவள் மாதிரி, "படி... பைய... இன்னொண்ணு."

அப்போது வலது பக்கம் இன்னொரு கால். சர், சர். கனமான கால், ஆண் கால். நிலைப்படி தட்டியதும் நின்றது. அதோடு ஒரு பெண் குரல், ஸ்லோகம் போலவே. "படிய்யா... பாத்து... இன்னொண்ணு இருக்கு."

தேங்காய் தட்டிலிருந்து விழுந்து உருண்டது. யாரோ சகுனம் என்றார்கள். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நான் அசையவில்லை.

அம்மா பிள்ளை இல்லை. ஒழுக்கம் இல்லை. எளிமை இல்லை, கஞ்சத்தனம்கூட இல்லை. நாங்கள் வீட்டில் ஸ்டூலைப் பரணில் ஏற்றிய அதே காலையில் அவர்களும் அவனுக்கு எங்கள் வீட்டுப் படியை விசாரித்து வைத்திருப்பார்கள். இரண்டு வீடும் ஒரே நாடகத்தை எதிரெதிரே நடித்து, இரண்டு வீடும் கைதட்டியிருக்கிறது.

ரெண்டு குட்டைச் செடியச் சேத்தா நெட்டை வரவே வராதா, டீச்சர். ஒன்றுகூட வராது.

வெளியே வந்தபின் படித்துறையில் இரண்டு பேரையும் மீனுக்குப் பொரி போட அனுப்பினார்கள். வெயிலில் இரண்டும் சாதாரணமாகத்தான் நின்றன. ஏதோ பேசினார்கள். சங்கரி கையிலிருந்த பொரி பொட்டலம் அப்படியே ஆற்றில் விழுந்தது. மீன்களுக்குக் கொண்டாட்டம். அண்ணனும் சம்பந்தியும் இலை முன்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பயமாக இருந்தது. கோபம் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் பயம்.

செப்டம்பர் 12, வியாழன்.

பாதி நாள் லீவு. காரணம்: தலைவலி. உண்மையிலேயே தலைவலி.

டாக்டரிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு குடும்பமா? ஒரே ஆத்தங்கரையா?" அந்த முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே. சீர் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு ஆசையாகப் பார்க்க மாட்டார்கள். பிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

சொன்னது இது. இந்த நோய்க்கு ஒரே மரபணு காரணம் இல்லை, பல உண்டு. இரண்டு வீட்டிலும் ஒன்றே பழுது என்றால் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். வேறு வேறு என்றால் பிள்ளைகளுக்குப் பார்வை தப்பிக்கும். அப்பா வழியில் உள்ள பழுதை அம்மா வழியும், அம்மா வழியில் உள்ளதை அப்பா வழியும் சரிக்கட்டிவிடும்.

அப்படியானால் நான் முத்துலட்சுமிக்குச் சொன்னது தப்பு. இரண்டு செடியும் வேறு வேறு காரணத்தால் குட்டை என்றால் நெட்டை வரலாம். பாடப் புத்தகத்தில் இல்லை. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

எது என்று எப்படித் தெரியும்? இரண்டு பேர் இரத்தம், இரண்டு வீட்டு அப்பா அம்மா இரத்தம். ஐப்பசிக்குள் தெரியுமா என்றேன். "சொல்ல முடியாது டீச்சர். ஒரு வருஷம் ஆகலாம். பல வருஷமும் ஆகலாம். தெரியாமலேயும் போகலாம்." முதல் தடவையாக ஒரு டாக்டர் பத்து வருஷம் என்று சொல்லவில்லை. இவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான்.

செப்டம்பர் 13, வெள்ளி.

மழை போல இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது.

காலையிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கும் இதே நோய்.

பேப்பரை மடித்து வைத்தான். "என்னட்டி சொல்லுதே? அவனுக்குமா?"

ஆமாம்.

முகம் சிவந்தது. "எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியா அவனுவளுக்கு! கோயில்ல வச்சு, சாமி முன்னால வச்சு! நம்பி வந்தவங்கள இப்படியா ஏமாத்துவானுவ!"

நிஜமாகவே மனம் நொந்து போயிருந்தான். குரல் தழுதழுத்தது. அவன் சொன்னது அவன் காதிலேயே விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. என் அண்ணனுக்கு விழித்திரை நன்றாகத்தான் இருக்கிறது. பழுதான இடம் வேறு. அதற்கும் இரத்தம் எடுத்து அனுப்பலாம்.

காபி வந்தது. பாதி குடித்ததும் முகம் தெளிந்தது. "ஏட்டி, அப்பம் நம்ம பிள்ள விஷயம் வெளிய வந்தாலும் அவங்க வாயத் தொறக்க முடியாதுல்லா?" மீதியை ரசித்துக் குடித்தான்.

பிறக்கப்போகிற பிள்ளைகள் என்றேன். அதெல்லாம் ஆண்டவன் விட்ட வழி என்றான். லைன்மேனுக்குச் சொல்லி வைத்தது போல ஆண்டவனுக்கும் சொல்லி வைத்திருப்பான் போலிருக்கிறது.

மதினி அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் வாயிலிருந்து நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், யாரையும் பார்க்காமல். "பொறக்கப்போற பிள்ள கையையும் நான்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். பிடிச்சுப் பிடிச்சு எனக்குத் தோளே வலிக்கி."

உள்ளே போய்விட்டாள். அப்பளம் பொரிகிற சத்தம்.

செப்டம்பர் 15, ஞாயிறு.

தலைக்கு எண்ணெய். வெயில். துணி நிறைய.

மாடியில் துணி காயப்போடும்போது சங்கரியிடம் பேச்சை எடுத்தேன். சுற்றி வளைத்து, பட்டாணியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் ஒரு சேலையை உதறிவிட்டு, "தெரியும் அத்தே" என்றாள்.

என்ன தெரியும்?

"பாவநாசத்துலயே தெரியும். அவங்கதான் கேட்டாங்க. 'உனக்கும் சாயங்காலத்தோட முடிஞ்சுதா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"பொரியக் கீழ போட்டுட்டேன்."

அவனுக்கும் கோயிலுக்குள் காலடி கேட்டிருக்கிறது. இவளுக்கும். நான் என்னவோ நான் மட்டும் கண்டுபிடித்ததாக இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்க, ஏமாற்றப்பட வேண்டிய இரண்டும் ஆற்றங்கரையில் நின்று பேசி முடித்துவிட்டன.

பிள்ளை பிறந்தால் என்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒன்றுவிடாமல்.

கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே இருந்தாள். "தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுதோம். தெரிஞ்சா பெத்துக்கிடுதோம், இல்லன்னா இல்ல. தெரியாமப் பண்ணுனது போதும் நம்ம வீட்டுல." பிறகு, "அத்தே, யார்கிட்டயும் ஒளிக்காம ஒரு வீட்டுல இருக்கணும்னு ஆசையா இருக்கு. ஸ்டூலு இருக்க வேண்டிய எடத்துல ஸ்டூலு இருக்கணும். இடிச்சா இடிச்சேன்னு சொல்லணும்."

அவன் இரத்தம் கொடுக்கத் தயாராம். சனிக்கிழமை வண்ணார்பேட்டைக்கு வருகிறானாம். எப்படி ஏற்பாடாயிற்று என்று கேட்கவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். ஒளிக்காத வீட்டுக்குப் போக இன்னும் ஒரே ஒரு பொய்.

செப்டம்பர் 21, சனி.

புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயில் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பகல் முழுக்கப் புழுக்கம்.

மூன்று மணிக்கு வரச்சொன்ன டாக்டர் வந்தது ஐந்தரைக்கு. ஏதோ கூட்டமாம். விழித்திரை டாக்டருக்கு, மாலைக்கண்காரர்களை எந்த நேரத்தில் வரச்சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. குருநாதன் கடையைப் பூட்டிவிட்டு மதியமே வந்து காத்திருந்தான். சங்கரியைப் பார்த்ததும் எழுந்தவன் நாற்காலியை இடித்தான். "இடிச்சிட்டேன்" என்றான். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இரத்தம் எடுத்தாயிற்று. அவன் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். இவள் ஊசியையே பார்த்தாள். டாக்டர் அவர்களுக்கும் ஒரு படம் வரைந்தாள், ஒரு கட்டம், ஒரு வட்டம், இரண்டும் உள்ளே கறுப்பு அடித்தது. கீழே ஒரு கோடு இழுத்து அதன் முனையில் ஒன்றும் போடாமல் விட்டாள். இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெற்றவர்கள் இரத்தமும் வேண்டும், வீட்டில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றாள் டாக்டர். "நாளைக்குக் காலைல சொல்லிருதேன்" என்றான் குருநாதன். "சம்பந்தமே வேண்டாம்னுட்டா?" என்று சங்கரி கேட்டாள். "அப்பவும் எனக்கு நீதான். சாயங்காலத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுல கெடப்போம், எவன் கேக்கான்." உரக்கடைக்காரன் பேச்சு. சங்கரிக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியே வந்தால் இருட்டு.

அப்போதுதான் உறைத்தது. சங்கரி என்னை நம்பி வந்தாள். நான் அவனை நம்பினேன், ஆண் பிள்ளை, எப்படியாவது சமாளித்துப் பழகியிருப்பான் என்று. அவன் எங்கள் இரண்டு பேரை நம்பியிருக்கிறான். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர், ஒருவர் சேலையை ஒருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. ஹெட்லைட் வருகிறது, கண்ணில் அடிக்கிறது, போகிறது. எந்த பஸ் என்று ஒருவருக்கும் தெரியாது. போர்டு இருக்கும் இடம் வெறும் வெள்ளைப் புகை. ஆட்டோக்காரர்கள் கத்துகிறார்கள். யாரோ இடித்துவிட்டு, "கண்ணு தெரியலையா?" என்று திட்டிக்கொண்டு போனான்.

வழக்கமாக நான் என்ன செய்வேன்? பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் மெதுவாக, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். அதற்கு வாயைத் திறக்கும் முன் குருநாதன் பேசிவிட்டான். கொய்யாப்பழ வண்டிக்காரரிடம். மெதுவாக இல்லை, நன்றாக உரக்க, உரம் என்ன விலை என்று சொல்கிற மாதிரி.

"அண்ணாச்சி, எனக்கு இருட்டுனா கண்ணு தெரியாது. இவங்களுக்கும் தெரியாது. சேரமாதேவி வண்டி வந்தா ஒரு சத்தம் குடுங்க."

நிறுத்தம் அப்படியே நின்றுவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் திரும்புவார்கள் என்று. பாட்டி காலத்திலிருந்து பகலாகப் பார்த்து நாள் குறித்து, ஜன்னலாகத் திறந்து, மணிக்கட்டாகப் பிடித்துக் காப்பாற்றி வந்த சொல். நடுரோட்டில் கொய்யாப்பழ வண்டி முன்னால் விழுந்துவிட்டது.

"அதுக்கென்ன, நில்லுங்க" என்றார் அவர். பழம் நிறுத்துக்கொண்டே.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

சேரன்மகாதேவி வண்டி முதலில் வந்தது. சத்தம் கொடுத்தார். ஒரு ஆள் குருநாதனின் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டான். ஏறியவன் உள்ளேயிருந்து, "நாளைக்குச் சொல்லிருவேன்!" என்று கத்தினான். சங்கரி இருட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள், வேறு திசையில்.

கொய்யாப்பழக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எந்த வண்டிம்மா?"

டவுண் என்றேன். அடுத்த வார்த்தை தொண்டையில் தயாராக நின்றது. இன்று அதைச் சொல்வது சுலபம். ஒருவன் முன்னாலேயே சொல்லிவிட்டான், எங்களையும் சேர்த்து. மிச்சம் வைக்கவில்லை. சங்கரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கண்ணாடிய மறந்து வச்சுட்டு வந்துட்டேன்" என்றேன்.